ட்ரூமனின் தீர்மானமும் எல்கடுவயின் அரிசியும்

2025 ஜூன் மாதத்தில் ஈரானின் அணுசக்தி நிலையங்கள் மீது அமெரிக்க விமானங்கள் குண்டு வீசியதைத் தொடர்ந்து, யுத்த காலத்தில் அமெரிக்க ஜனாதிபதிகள் எடுத்த தீர்மானங்கள் பற்றிய பழைய விவாதம் மீண்டும் தலைதூக்கியது. ட்ரூமன், ஐசன்ஹோவர், ஜோன்சன் ஆகிய பெயர்கள் ஆதரவாகவும் எதிராகவும் எடுத்தாளப்பட்டன. இத்தகைய விவாதங்களில் வழமையாகக் கேட்கப்படும் கேள்விகள் இரண்டு. அத்தீர்மானம் வெற்றியைத் தந்ததா என்பது ஒன்று. அது சட்டத்துக்கு அமைவானதா என்பது மற்றையது. இரண்டும் அவசியமான கேள்விகளே. எனினும், தீர்மானம் எடுக்கப்பட்ட வேளையில் அத்தலைவரின் மேசைக்கு வந்து, அவரால் ஒதுக்கி வைக்கப்பட்ட எச்சரிக்கை எது? யுத்தத்தில் எவ்விதப் பங்கும் வகிக்காத எவர் அதன் விலையைச் செலுத்தினார்? இவ்விரு கேள்விகளும் அரிதாகவே கேட்கப்படுகின்றன. ஆசியாவைச் சேர்ந்த நாம் அவற்றைக் கேட்காவிட்டால், வொஷிங்டனில் எவரும் எமக்காகக் கேட்கப் போவதில்லை.

மாத்தளை மாவட்டத்தின் எல்கடுவயை எடுத்துக்கொள்வோம். வத்தேகமயிலிருந்து மேலேறும் பாதையில், நக்கிள்ஸ் மலைத்தொடரின் அடிவாரத்தில் அமைந்த தோட்டப் பிரதேசம் அது. மேலே தேயிலை, கீழே மாத்தளைப் பக்கமாக இறங்கும் சரிவுகளில் இறப்பரும் கொக்கோவும். கொரிய யுத்தத்தில் இப்பிரதேசத்துக்கு என்ன தொடர்பு என்று வாசகர்கள் வினவலாம். தொடர்பு உண்டு. அது இறப்பர் பாலிலும் கூப்பன் அரிசியிலும் இருந்தது.

கொரிய யுத்தம் 1950 ஜூன் 25ஆம் திகதி வடகொரியப் படைகள் 38ஆவது அகலக்கோட்டைக் கடந்து தெற்கினுள் நுழைந்தமையுடன் ஆரம்பமானது. இதை மறைத்துவிட்டு ட்ரூமனை மாத்திரம் கூண்டில் ஏற்றுவது நேர்மையாகாது. ஆக்கிரமிப்பை எதிர்க்குமாறு ஐக்கிய நாடுகள் பாதுகாப்புச் சபை கேட்டுக்கொண்டது. சீனாவின் ஆசனம் பற்றிய பிரச்சினையில் சோவியத் ஒன்றியம் அப்போது சபையைப் பகிஷ்கரித்திருந்தமையால் வீட்டோ பிரயோகிக்கப்படவில்லை. ஜூன் மாத இறுதியில் ட்ரூமன் எடுத்த தீர்மானத்தை, அவரது அவசரத்தை விமர்சிப்போரும்கூட முற்றாக நிராகரிப்பது கடினம். செப்டெம்பர் 15ஆம் திகதி இன்சொன் துறைமுகத்தில் ஜெனரல் மக்காத்தரின் படைகள் தரையிறங்கியதை அடுத்து நிலைமை தலைகீழானது. வடகொரியப் படைகள் சிதறிப் பின்வாங்கின. மாத முடிவில் தென்கொரியா மீட்கப்பட்டுவிட்டது. யுத்தத்தின் பிரகடனப்படுத்தப்பட்ட நோக்கம் அத்துடன் நிறைவேறிவிட்டது எனலாம்.

நாம் விசாரிக்க வேண்டியது அதற்குப் பின்னர் எடுக்கப்பட்ட தீர்மானத்தையே. எல்லையில் நிற்பதா, அதனைக் கடந்து வடக்கையும் கைப்பற்றுவதா? ஒக்டோபர் 2ஆம் திகதி நள்ளிரவு கடந்த வேளையில், பீக்கிங்கில் இந்தியத் தூதுவராக இருந்த கே. எம். பணிக்கர், சீனப் பிரதமர் சூ என்லாயின் இல்லத்துக்கு அழைக்கப்பட்டார். அமெரிக்கப் படைகள் 38ஆவது கோட்டைக் கடந்தால் சீனா தலையிடும் என்பதே அங்கு அவரிடம் கூறப்பட்ட செய்தி. தென்கொரியப் படைகள் மாத்திரம் கடந்தால் அது வேறு விடயம் என்ற வேறுபாடும் அதில் இருந்தது. செய்தி புதுடில்லி வழியாகவும் லண்டன் வழியாகவும் உடனடியாகவே வொஷிங்டனை அடைந்தது. அங்கே அது நம்பப்படவில்லை. பணிக்கர் கம்யூனிஸ்டுகளின் பக்கம் சாய்ந்தவர், ஆகவே அவர் கொண்டுவந்த செய்தி வெறும் மிரட்டல் என்று முடிவு செய்தனர். ட்ரூமன் பின்னாளில் எழுதிய நினைவுக் குறிப்புகளிலும் அதே அவநம்பிக்கை தொனிக்கிறது. செய்தியின் உள்ளடக்கம் ஆராயப்படுவதற்கு முன்னரே அதைக் கொண்டுவந்தவரின் தகுதி ஆராயப்பட்டது. கொண்டுவந்தவர் ஓர் ஆசியர் என்பதற்கு இதில் பங்கில்லை என்று எவராவது வாதிடுவாராயின், அவரோடு நாம் நீண்ட நேரம் வாதிட வேண்டியிருக்கும்.

ஒக்டோபர் 7ஆம் திகதி ஐ.நா. பொதுச்சபை கொரியா முழுவதையும் ஒன்றிணைப்பதற்குச் சாதகமான பிரேரணையை நிறைவேற்றியது. அதனையொட்டி அமெரிக்கப் படைகள் எல்லையைக் கடந்தன. 15ஆம் திகதி வேக் தீவில் ட்ரூமனைச் சந்தித்த மக்காத்தர், சீனா தலையிடும் சாத்தியம் மிகக் குறைவு என்று உறுதியளித்தார். நான்கு நாட்களின் பின்னர் சீனப் படைகள் யாலு ஆற்றைக் கடக்கத் தொடங்கின. நவம்பர் இறுதியில் ஐ.நா. படைகள் பெரும் பின்வாங்கலுக்குத் தள்ளப்பட்டன. அந்தப் பின்வாங்கலின் போது குனுரி என்ற இடத்தில் பின்புறத்தைக் காத்து நின்று பேரிழப்பைச் சந்தித்தவர்கள் துருக்கியப் படைப்பிரிவினர். அனதோலியக் கிராமங்களிலிருந்து வந்த இளைஞர்கள் அவர்கள். துருக்கி அந்த யுத்தத்தில் எழுநூறுக்கும் மேற்பட்டோரை இழந்தது. பணிக்கரின் எச்சரிக்கையை அந்த இளைஞர்கள் கேள்விப்பட்டிருக்க நியாயமில்லை.

1953 ஜூலை 27ஆம் திகதி போர்நிறுத்தம் கைச்சாத்தான போது எல்லை ஏறத்தாழப் பழைய இடத்திலேயே நின்றது. இடையே முப்பத்துமூன்று மாதங்களுக்கும் மேல் கழிந்திருந்தன. யுத்தத்தில் மாண்ட கொரியர், சீனர், ஏனையோரின் மொத்தத் தொகை இருபது இலட்சத்துக்கும் மேல் என்பது பொதுவான மதிப்பீடு. அமெரிக்கர் 36,000 பேருக்கு மேல் உயிரிழந்தனர்.

ட்ரூமனுக்குச் சாதகமாகவும் சொல்ல வேண்டியது உண்டு. 1950 நவம்பர் 30ஆம் திகதி பத்திரிகையாளர் சந்திப்பில் அணுகுண்டைப் பயன்படுத்துவது குறித்து அவர் தளர்வாகப் பேசியமை உலகையே அதிர வைத்தது. பிரித்தானியப் பிரதமர் அட்லி அவசரமாக வொஷிங்டனுக்குப் பறந்தார். எனினும் அக்குண்டு கொரியாவில் பயன்படுத்தப்படவில்லை. யுத்தத்தைச் சீனாவினுள் விரிவுபடுத்த வேண்டும் என்று பகிரங்கமாகக் குரலெழுப்பிய மக்காத்தரை, அவரது செல்வாக்குக்கு அஞ்சாமல் 1951 ஏப்ரல் 11ஆம் திகதி பதவி நீக்கியவரும் அதே ட்ரூமன்தான். உள்நாட்டில் அவரது மதிப்பு அதனால் படுவீழ்ச்சி கண்டது. அத்துணிவு 1950 ஒக்டோபரில் இருந்திருக்குமானால் என்று எண்ணத் தோன்றுகிறது.

இனி எல்கடுவவுக்கு வருவோம். சீனா யுத்தத்தில் இறங்கியதும் அமெரிக்கா அந்நாட்டுடனான வர்த்தகத்தைத் துண்டித்தது. 1951 மே 18ஆம் திகதி ஐ.நா. பொதுச்சபை, ஆயுதங்கள், எரிபொருள், யுத்தத் தேவைக்கான பொருட்கள் முதலியவற்றைச் சீனாவுக்கு அனுப்பலாகாது என்று சிபாரிசு செய்தது. இறப்பர் அத்தகைய பொருள்களில் ஒன்றாகக் கருதப்பட்டது. அப்போது இலங்கை ஐ.நா.வின் அங்கத்துவ நாடே அல்ல. சோவியத் வீட்டோவினால் தடுக்கப்பட்டு, 1955 டிசம்பரில்தான் எமக்கு அங்கத்துவம் கிடைத்தது. ஆகவே எமது இறப்பரின் சந்தையைத் தீர்மானித்த அந்த வாக்கெடுப்பில் இலங்கைக்கு ஒரு கை உயர்த்தும் வாய்ப்புக்கூட இருக்கவில்லை.

யுத்தத்தின் ஆரம்பத்தில் இறப்பர் விலை வானளாவ உயர்ந்தது உண்மையே. அமெரிக்கா பதற்றத்துடன் இறப்பரைக் கொள்வனவு செய்து குவித்தது. அரசாங்கத்துக்கு ஏற்றுமதித் தீர்வை குவிந்தது. ஆயின் அக்குவிப்பு முடிந்ததும், செயற்கை இறப்பரும் பெருகியதும் விலை சரிந்தது. அதேவேளை உலகச் சந்தையில் அரிசி தட்டுப்பாடாகி அதன் விலை ஏறியது. தனக்குத் தேவையான அரிசியில் பாதிக்கு மேல் இறக்குமதி செய்துவந்த நாடு இலங்கை. விற்பது மலிவாகவும் வாங்குவது கிராக்கியாகவும் ஆகிவிட்ட நாட்டுக்கு நீண்ட நாள் தாக்குப்பிடிக்க இயலாது. 1952இல் அமெரிக்காவிடம் அரிசியும், இறப்பருக்கு நியாய விலையும் கேட்டுப் பேச்சுவார்த்தை நடத்தியும் பலன் கிட்டவில்லை.

மறுபுறம் சீனாவிடம் அரிசி இருந்தது; இறப்பர் தேவைப்பட்டது. வர்த்தக அமைச்சர் ஆர். ஜீ. சேனாநாயக்க பீக்கிங் சென்றார். 1952 டிசம்பர் 18ஆம் திகதி ஐந்தாண்டு ஒப்பந்தம் கைச்சாத்தானது. ஆண்டுக்கு 270,000 மெட்றிக் தொன் அரிசிக்கு 50,000 மெட்றிக் தொன் இறப்பர் என்பது அதன் சாரம். இறப்பருக்குச் சந்தை விலையை விட அதிகமாகவே சீனா செலுத்த இணங்கியது. கம்யூனிஸத்தைத் தன் தேர்தல் மேடைகளில் கடுமையாகச் சாடிய ஐக்கிய தேசியக் கட்சி அரசாங்கம், பிரதமர் டட்லி சேனாநாயக்கவின் தலைமையில், பீக்கிங்குடன் முழுமையான இராஜதந்திர உறவுகள் ஏற்படுவதற்கு நான்கு ஆண்டுகளுக்கு முன்னரே இவ்வொப்பந்தத்தைச் செய்தது. கொள்கை அதனை அங்கு இட்டுச் செல்லவில்லை. அரிசிப் பானைதான் இட்டுச் சென்றது.

வொஷிங்டனின் பதில் உடனடியானது. கம்யூனிஸ நாடுகளுக்கு யுத்தத் தேவைப் பொருட்களை விற்கும் நாடுகளுக்கு உதவியை மறுக்கும் 1951ஆம் ஆண்டின் பெட்டல் சட்டம் எம்மீது பாய்ந்தது. 1956 வரையில் இலங்கைக்கு அமெரிக்கப் பொருளாதார உதவி கிடைக்கவில்லை. பணிக்கரின் எச்சரிக்கையை அலட்சியம் செய்தவர்கள் செலுத்த வேண்டிய கணக்கில் ஒரு சிறு பங்கு, ஆயிரக்கணக்கான மைல்களுக்கு அப்பால், எமது திறைசேரியின் பெயரில் எழுதப்பட்டது. 1953 ஜூலையில் கூப்பன் அரிசியின் விலை கொத்து 25 சதத்திலிருந்து 70 சதத்துக்கு உயர்த்தப்பட்டது. ஓகஸ்ட் 12ஆம் திகதி நாடு ஹர்த்தாலில் ஸ்தம்பித்தது. துப்பாக்கிச் சூட்டில் உயிர்கள் பலியாயின. ஒக்டோபரில் டட்லி பதவி விலகினார். இவை அனைத்துக்கும் கொரியாவே காரணம் என்று கூறுவது மிகைப்படுத்தலாகும். யுத்தகால இறப்பர் வருமானத்தை நிரந்தரம் என எண்ணிச் செலவிட்ட எமது அரசாங்கத்தின் தவறும் அதில் உண்டு. ஆயினும் அந்த ஏற்ற இறக்கத்தின் மூலத்தைத் தேடினால் யாலு ஆற்றங்கரைக்கே நாம் செல்ல வேண்டியுள்ளது.

மாத்தளைச் சரிவுகளில் விடியற்காலையில் இறப்பர் பால் வெட்டியவரும், எல்கடுவயில் கொழுந்து பறித்தவரும் இந்தக் கணக்கில் எங்கே நின்றனர்? 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கப் பிரஜாவுரிமைச் சட்டம் அவர்களில் மிகப் பெரும்பாலானோரை நாடற்றவராக்கியது. 1949ஆம் ஆண்டின் தேர்தல் திருத்தச் சட்டம் வாக்குரிமையையும் பறித்தது. 1947 பொதுத் தேர்தலில் ஏழு ஆசனங்களை வென்ற இலங்கை இந்தியக் காங்கிரஸ், 1952 மே மாதத் தேர்தலில் ஓர் ஆசனத்தையும் பெறவில்லை. ஐ.நா. பொதுச்சபையில் இலங்கைக்கு வாக்கு இல்லை; இலங்கைப் பாராளுமன்றத் தேர்தலில் தோட்டத் தொழிலாளிக்கு வாக்கு இல்லை. அவர் வெட்டிய பாலைக் கொண்டுதான் நாடு அரிசி வாங்கியது. அமெரிக்கா எமது குரலைக் கேட்கவில்லை என்று கொழும்பு முறையிட்ட அதே ஆண்டுகளில், கொழும்பு எவருடைய குரலைக் கேட்க மறுத்தது என்பதை எந்த நூற்றாண்டு விழாவும் நினைவுகூரப் போவதில்லை.

இந்த ஒப்பந்தத்தை இன்று கொழும்பிலும் பீஜிங்கிலும் ஒரு நட்புக் காவியமாகவே பேசுகின்றனர். 2022 ஜனவரியில் சீன வெளிவிவகார அமைச்சர் வாங் யீ கொழும்பு வந்த போதும் அதன் எழுபதாவது ஆண்டே முன்னிறுத்தப்பட்டது. நன்றி மறப்பது நன்றன்று. எனினும் ஒப்பந்தம் நடைமுறையில் இருந்த காலத்திலேதான் சீனாவில் வரலாறு காணாத பஞ்சம் நிலவியது. அப்பஞ்சம் தொடங்கிய 1959இல் அந்நாட்டின் தானிய ஏற்றுமதி உச்சத்தைத் தொட்டிருந்தது. அரிசியை அனுப்புவதா இல்லையா என்று சீன விவசாயியிடமும் எவரும் கேட்கவில்லை.

எச்சரிக்கைக்குச் செவிசாய்க்கப்பட்ட ஒரு சந்தர்ப்பமும் எம் அண்டையிலேயே உண்டு. 1954 ஏப்ரலில் வியட்நாமின் டியன் பியன் பூவில் பிரெஞ்சுப் படைகள் முற்றுகைக்குள்ளாகித் தத்தளித்தன. அமெரிக்கக் குண்டுவீச்சு விமானங்களை அனுப்புமாறு பாரிஸ் மன்றாடியது. வெளிவிவகாரச் செயலாளர் டலஸும் கூட்டுப் படைகளின் தலைவர் அட்மிரல் ரட்ஃபோர்டும் தலையீட்டின் பக்கம் சாய்ந்தனர். தரைப்படைத் தளபதி ஜெனரல் ரிஜ்வே, கொரியாவின் அனுபவத்தை வைத்து எதிர்த்தார். காங்கிரஸ் தலைவர்கள் நேச நாடுகளின்றி இறங்கக் கூடாது என்றனர். பிரித்தானியா மறுத்துவிட்டது. ஐசன்ஹோவர் விமானங்களை அனுப்பவில்லை. அதே நாட்களில், ஏப்ரல் 28 முதல் மே 2 வரை, கொழும்பிலும் கண்டியிலுமாக ஐந்து ஆசியப் பிரதமர்கள் கூடினர். சேர் ஜோன் கொத்தலாவல, நேரு, பாகிஸ்தானின் முஹம்மத் அலி, பர்மாவின் ஊ நூ, இந்தோனேசியாவின் அலி சாஸ்திரோஅமிஜோயோ ஆகியோரே அவர்கள். இந்தோசீனாவில் உடனடிப் போர்நிறுத்தத்தை அவர்கள் கோரினர். பலஸ்தீன மக்களின் துயரும், துனீசியா, மொரோக்கோ ஆகியவற்றின் சுதந்திர வேட்கையும் அவர்களது கூட்டறிக்கையில் இடம்பெற்றன. எல்கடுவ மலையிலிருந்து பார்த்தால் கண்டி அத்தனை தூரமில்லை. மூன்றாம் தரப்பாக மௌனம் காத்த ஆசியா வாய் திறந்த முதற் சந்தர்ப்பங்களில் ஒன்று அங்கேதான் நிகழ்ந்தது.

ஐந்து பிரதமர்களின் அறிக்கைதான் ஐசன்ஹோவரைத் தடுத்தது என்று நாம் உரிமை கோரவில்லை. அவர் அதற்கு முன்னரே பின்வாங்கியிருந்தார். அவருக்கு மாலை சூட்டவும் அவசியமில்லை. பின்னர் தென்வியட்நாமில் டியெமின் ஆட்சியைத் தாங்கி, ஜெனீவா உடன்படிக்கை கூறிய 1956 தேர்தல் நடைபெறாமல் போக இடமளித்ததும் அவரது நிர்வாகமே. போர்நிறுத்தம் கோரிய சேர் ஜோனின் அரசாங்கமும் பிரெஞ்சுத் துருப்புகளை ஏற்றிச் சென்ற அமெரிக்க விமானங்கள் இலங்கையில் தரையிறங்க அனுமதித்திருந்தது. இந்தியா தன் வான்பரப்பை மறுத்த வேளை அது. ஆனாலும் 1954 ஏப்ரலில் ஐசன்ஹோவர் செய்யாது விட்டதை அவரது கணக்கில் வரவு வைக்கத்தான் வேண்டும். எதையும் செய்யாதிருந்த தலைவர்களுக்கு வரலாற்று நூல்களில் பக்கங்கள் குறைவாகவே ஒதுக்கப்படுகின்றன.

ஜோன்சன் அப்பாடத்தைக் கற்கவில்லை. 1964 ஓகஸ்ட் 4ஆம் திகதி டொன்கின் வளைகுடாவில் நிகழ்ந்ததாகக் கூறப்பட்ட இரண்டாவது தாக்குதல் உண்மையில் நிகழவே இல்லை என்பது பின்னர் வெளியான அமெரிக்க ஆவணங்களாலேயே தெளிவாயிற்று. உதவி வெளிவிவகாரச் செயலாளர் ஜோர்ஜ் போல் அதே ஆண்டிலேயே, இந்த யுத்தம் வெல்லப்பட முடியாதது என்று விரிவாக எழுதிக் கொடுத்திருந்தார். பணிக்கர் அந்நியர் என்பதால் நம்பப்படவில்லை. போல் உள்வீட்டுக்காரர், அவரும் நம்பப்படவில்லை. பாதுகாப்புச் செயலாளர் மக்னமாரா 1995இல் தாம் தவறிழைத்ததாக நூல் எழுதினார். அதற்குள் காலம் கடந்துவிட்டது.

இத்தகைய தீர்ப்புகளில் இன்னொரு ஆபத்தும் உண்டு. டோக்கியோ விசாரணை மன்றத்தில் இந்திய நீதியரசர் ராதா பினோத் பால், 1948இல் ஜப்பானியத் தலைவர்கள் அனைவரையும் விடுவிக்குமாறு தனித்துத் தீர்ப்பெழுதினார். அணுகுண்டை வீசும் தீர்மானத்தை எடுத்தவர்கள் ஏன் விசாரிக்கப்படவில்லை என்ற அவரது வினா இன்றும் வலுவுடையதே. ஆனால் அத்தீர்ப்பை இன்று ஜப்பானியத் தேசியவாதிகள் தமது பாவ விமோசனமாகக் கொண்டாடுகின்றனர். யசுகுனி ஆலயத்தில் அவருக்கு நினைவுச் சின்னமும் உண்டு. சயாம்-பர்மா ரயில் பாதையில் ஜப்பானியரின் கீழ் மாண்டவர்களில் மலாயாத் தோட்டங்களிலிருந்து கொண்டு செல்லப்பட்ட தமிழர்கள் பல்லாயிரம் பேர். ட்ரூமன் குற்றவாளி என்பதால் டோஜோ நிரபராதி ஆகிவிட முடியாது.

எமது சொந்த யுத்தத்தின் கணக்குக்கும் இதே அளவுகோலே பொருந்தும். 1990 ஒக்டோபரில் வடமாகாண முஸ்லிம்களைச் சில மணி நேர, சில நாள் அவகாசத்தில் வெளியேற்றிய புலிகளின் தீர்மானத்தை, அரசாங்கத்தின் குற்றங்களைக் காட்டி மறைக்க முயல்வோர் எம்மத்தியில் உள்ளனர். 2009இல் யுத்த சூனிய வலயங்களின் மீது ஷெல் வீசப்பட்டதாக ஐ.நா. நிபுணர் குழு 2011இல் வெளியிட்ட அறிக்கை கூறும் நம்பகமான குற்றச்சாட்டுகளை, புலிகளின் குற்றங்களைக் காட்டி மறைப்போர் தென்னிலங்கையில் உள்ளனர். அத்தீர்மானங்களை எடுத்தோர் முன் எந்த எச்சரிக்கைகள் வைக்கப்பட்டன, அவை எவ்வாறு ஒதுக்கப்பட்டன என்பது எந்த நீதிமன்றிலும் இன்னும் முழுமையாக ஆராயப்படவில்லை.

ஈரானுக்குத் திரும்புவோம். அந்நாடு இலங்கைத் தேயிலையின் நீண்டகால வாடிக்கையாளர். அமெரிக்கப் பொருளாதாரத் தடைகளினால் பணம் செலுத்தும் வழிகள் அடைபட்ட நிலையில், 2012இல் வாங்கிய எண்ணெய்க்காகச் செலுத்த வேண்டியிருந்த 251 மில்லியன் டொலரைத் தேயிலையாகத் தீர்ப்பதற்கு 2021 டிசம்பரில் இலங்கை இணக்கம் கண்டது. மாதம் ஐந்து மில்லியன் டொலர் பெறுமதியான தேயிலை என்பது ஏற்பாடு. 1952இல் இறப்பருக்கு அரிசி. எழுபது ஆண்டுகளின் பின் எண்ணெய்க்குத் தேயிலை. இடையில் எல்கடுவத் தொழிலாளியின் பிள்ளைகளுக்குப் பிரஜாவுரிமையும் வாக்குரிமையும் கிடைத்துவிட்டன. அதற்கான கடைசிச் சட்டம் 2003இல்தான் வந்தது. வளைகுடாவில் அடுத்த யுத்தம் மூளும் போது தேயிலை ஏலத்தில் விலை சரிந்தால், அதை விசாரிக்கும்படி தம் பிரதிநிதியிடம் கேட்க இன்று அவர்களால் முடியும். அப்பிரதிநிதி எழுந்து பேசும் போது, 1952இல் இல்லாத ஒன்று அவரது கையில் இருக்கும்.